வேகமா போனா குறி தப்பாதா? (ஐம்பது மீட்டர் பிஸ்டலுக்காக ஒரு சண்டை)

டிஸ்கி: இது துப்பாக்கி வாங்கச் சொல்ற பதிவு இல்லை. நானும் பெரிய ஷூட்டர் எல்லாம் கிடையாது. வாரம் அஞ்சு நாள் சிறுசேரி சிப்காட்ல பொட்டி தட்டிட்டு, ஞாயித்துக்கிழமை காலைல ஒரு கிளப்புல போய் ஏர் பிஸ்டல் சுடற ஆள். அறுபது ஷாட்டுக்கு 530 தாண்டினா அன்னிக்கு பிரியாணி. பெரும்பாலும் பிரியாணி கிடையாது.

விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு படத்தைப் பத்தி பேச்சு. ஹீரோ கட்டடத்து மொட்டை மாடில நின்னுட்டு, எதிர் ரோட்டுல ஓடற கார் டயரை ஒரே ஒரு பிஸ்டல் குண்டுல பஞ்சராக்கறார். "அந்தத் தூரத்துக்கு அந்த பேரலை வெச்சுட்டு அது ரொம்ப கஷ்டம்பா"ன்னு நான் வாயைத் திறந்தேன். தயிர் சாதம் சாப்பிட்டுட்டு இருந்த நண்பர் நிமிர்ந்தே பாக்காம சொன்னார்: "பாஸ், அது நைன் எம்.எம். ஸ்பீடு இருக்கு, அதான் நேரா போகுது. நீங்க சண்டே சுடறீங்களே பாயின்ட் டூ டூ, அது கொசு அடிக்கற துப்பாக்கி."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். வேற என்ன பண்றது, டமேஜர் வேற பக்கத்துல உக்காந்திருந்தார்.

ஆனா அதே ஞாயிறு சேலையூர்ல சித்தப்பா வீட்டுக்குப் போனப்ப சிரிப்பு வரல. சித்தப்பா பையனுக்குப் பதினெட்டு வயசு, காலேஜ் முதல் வருஷம். என்னைப் பாத்து ஷூட்டிங் ஆரம்பிச்சவன், இப்ப என்னை விட நல்லா சுடறான். அவனுக்குப் பிடிச்சது 50 மீட்டர் பிஸ்டல். ஒத்தைக் கையில, பாயின்ட் டூ டூ தோட்டாவை ஒவ்வொண்ணா போட்டுச் சுடற ஆட்டம். அவன் போற இடத்துல "அதை விட்டுடு, ஒலிம்பிக்ஸ்லயே இல்லாத ஐட்டம், டைம் வேஸ்ட்"னு சொல்லியிருக்காங்க. சித்தப்பா என்னைப் பாத்து கேட்டார்: "ஏம்ப்பா, நீ இன்ஜினியர். நீயே சொல்லு. ஸ்பீடும் இல்லாத துப்பாக்கி, ஒலிம்பிக்ஸும் இல்லாத போட்டி. இதுல என்ன இருக்கு?"

கேன்டீன் கேள்வியும் சித்தப்பா கேள்வியும் ஒரே கேள்விதான்னு பஸ்ல திரும்பி வர்றப்பதான் உறைச்சுது. "இதுல என்ன இருக்கு"ன்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியாததாலதான் அந்தப் போட்டியைத் தூக்கினப்ப ஒருத்தரும் அழலை. அதனால இந்தப் பதிவு.

முதல்ல ஸ்பீடு மேட்டர்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மனு பாகர் ரெண்டு வெண்கலம் வாங்கினாங்களே, ஞாபகம் இருக்கா? ரெண்டுமே 10 மீட்டர் ஏர் பிஸ்டல். அந்த பிஸ்டல்ல இருந்து கிளம்பற 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டோட வேகம் சுமாரா செகண்டுக்கு 150 மீட்டர். மணிக்கு 540 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. மீனம்பாக்கத்துல இருந்து டெல்லிக்குப் போற விமானம் உச்சத்துல பறக்கறப்ப அதை விட வேகமா போகும். அந்த ஆமை வேகப் பெல்லட்டை வெச்சு அவங்க அடிக்கற பத்து மார்க் வளையத்தோட விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டை பட்டன் சைஸ். ஸ்பீடுதான் குறின்னா இந்த ஆட்டமே இருக்கக் கூடாதே?

சரி, பத்து மீட்டர் சின்னத் தூரம்னு சொல்வீங்க. 50 மீட்டருக்கு வருவோம்.

50 மீட்டர் பிஸ்டல்ல தூரம் அஞ்சு மடங்கு. பத்து வளையத்தோட விட்டம் 50 மில்லிமீட்டர். கோணக் கணக்குப் போட்டா ஏர் பிஸ்டலை விடக் கொஞ்சம் சின்ன இலக்குதான். தோட்டா பாயின்ட் டூ டூ லாங் ரைஃபிள், அதாவது 5.6 மில்லிமீட்டர். போட்டிக்குன்னே செய்யற தோட்டா எல்லாம் ரைஃபிள் பேரல்ல ஏறக்குறைய செகண்டுக்கு 320, 330 மீட்டர்ல கிளம்பும். பிஸ்டல் பேரல் குட்டையா இருக்கறதால அதுலயும் கொஞ்சம் குறையும்.

அந்த எண்ணை நல்லா பாருங்க. ஒலியோட வேகம் 15 டிகிரில செகண்டுக்கு 340 மீட்டர். நம்ம ஊர் வெயில்ல, 35 டிகிரின்னு வெச்சா, 352 கிட்ட வரும். போட்டித் தோட்டா செய்யற கம்பெனிக்காரன் வேணும்னேதான் ஒலி வேகத்துக்குக் கீழ நிறுத்தறான். அவனால வேகமா போற தோட்டா செய்ய முடியாம இல்ல. அதே பாயின்ட் டூ டூல ரைஃபிள் பேரல்ல 375, ஏன் 500 மீட்டர் வேகம் வரைக்கும் போற ரகமெல்லாம் கடையில விக்குது. முயல் சுடறதுக்கும் டப்பா சுடறதுக்கும் அமெரிக்காக்காரன் வாங்கறான். அதைப் போட்டு யாரும் உலகப் போட்டியில நிக்கறதில்ல.

ஏன்னா, ஒலி வேகத்தைத் தாண்டிக் கிளம்பற குண்டு போற வழியில வேகம் குறைஞ்சு அந்த எல்லைக்கே திரும்பி வரும். அந்த இடத்துல காத்துத் தடை தாறுமாறா மாறும். குண்டைச் சுத்தி அதிர்வலை உருவாகி நகர்ந்து, இம்மியளவு கோணலா இருக்கற குண்டைக் கூட இன்னும் ஆட்டி விடும். முதல்ல இருந்தே கீழ இருக்கற குண்டுக்கு அந்தத் தொல்லை இல்ல.

இதுல எனக்கு முதல்ல நம்பவே முடியாத ஒரு சமாச்சாரம், பக்கக் காத்து. வேகமா போற குண்டு காத்துல கம்மியா விலகும்னுதானே தோணும்? சீக்கிரம் போய்ச் சேருதே? அங்கதான் தப்பு. குண்டு காத்துல எவ்வளவு விலகும்ங்கறது அது எவ்வளவு நேரம் பறந்துச்சுங்கறதைப் பொறுத்தது இல்ல. காத்தே இல்லாத வெற்றிடத்துல எவ்வளவு நேரத்துல போயிருக்குமோ அதை விட எவ்வளவு நேரம் தாமதமாச்சுங்கறதைப் பொறுத்தது. அதாவது வழியில எவ்வளவு வேகத்தைத் தொலைச்சுதுங்கறதுதான் கணக்கு. ஒலி எல்லைக்குப் பக்கத்துல தடை கன்னாபின்னான்னு ஏறறதால, அதிவேக பாயின்ட் டூ டூ குண்டு தான் வெச்சிருக்கற வேகத்தை எல்லாம் அங்கயே கொட்டிட்டுப் போகும். அதனால சாதாரண வேகத் தோட்டாவை விட அதுதான் காத்துல அதிகம் ஒதுங்குது. 50 மீட்டர்ல, அதுவும் பிஸ்டல் பேரல்ல, வித்தியாசம் சின்னதுதான். ரைஃபிள்காரங்க 100 மீட்டருக்குப் போறப்ப நல்லாவே தெரியும்.

இப்ப இன்னொரு கணக்கு. இது பொட்டி தட்டறவங்களுக்கு ஸ்பெஷல்.

ரெண்டு பெட்டித் தோட்டா இருக்கு. முதல் பெட்டியோட சராசரி வேகம் 320, எந்தத் தோட்டாவை எடுத்தாலும் மொத்த வித்தியாசம் 3 மீட்டருக்குள்ள. ரெண்டாவது பெட்டி சராசரி 370, ஆனா ஒண்ணுக்கொண்ணு 25 மீட்டர் வரைக்கும் மாறுது. இது நான் உதாரணத்துக்கு எடுத்த எண். காத்துத் தடையை விட்டுட்டு, பன்னெண்டாவதுல படிச்ச புவியீர்ப்புச் சமன்பாட்டை மட்டும் போடுங்க. 50 மீட்டர்ல முதல் பெட்டிக் குண்டுகள் 12 சென்டிமீட்டர் கீழ இறங்கும். ஆனா எல்லாம் ஒரே மாதிரி இறங்கும், மேல கீழ வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான். ரெண்டாவது பெட்டி 9 சென்டிமீட்டர்தான் இறங்கும், பாக்க நேரா போற மாதிரி இருக்கும். ஆனா குண்டுக்குக் குண்டு வித்தியாசம் 12 மில்லிமீட்டர்.

12 சென்டிமீட்டர் இறக்கத்தை சைட்ல இருக்கற ஸ்க்ரூவை நாலு க்ளிக் திருப்பிச் சரி பண்ணிடலாம். 12 மில்லிமீட்டர் சிதறலை எந்த ஸ்க்ரூவாலயும் சரி பண்ண முடியாது. பத்து வளையத்தோட ஆரமே 25 மில்லிமீட்டர்தான், அதுல பாதியை நீங்க ட்ரிக்கரைத் தொடறதுக்கு முன்னாடியே தோட்டா தின்னுடுச்சு.

சர்வர் பக்கம் வேலை பாக்கறவங்களுக்கு இது புதுசா? ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் சூப்பர்னு ஸ்லைடு போட்டுட்டு, நூறுல ஒரு ரிக்வெஸ்ட் எட்டு செகண்டு எடுக்கறதை ஒளிச்சு வெக்கற ஆளுங்களை நாம தினமும் பாக்கறோம். கேன்டீன்ல என்னைக் கலாய்ச்ச நண்பரே போன மாசம் அதுக்காக ஒரு ராத்திரி பூரா முழிச்சிருந்தார். துப்பாக்கின்னு வந்தா மட்டும் ஆவரேஜ் ஸ்பீடைப் பாத்து வாயைப் பொளக்கறார். (எங்க ஸ்ப்ரின்ட் மீட்டிங்ல "வெலாசிட்டி ஏறியிருக்கு"ன்னு டமேஜர் சொல்றப்பல்லாம் எனக்கு இந்த ரெண்டாவது பெட்டிதான் ஞாபகம் வரும். அது வேற சோகம்.)

எதிர்க்கட்சி ஒரு நியாயமான பாயின்ட் வெச்சிருக்காங்க. மெதுவான குண்டு பேரலுக்குள்ள அதிக நேரம் இருக்கும், அதுக்குள்ள கை ஆடிடுமேன்னு. சரி, அதையும் பாப்போம். பேரல் நீளம் 28 சென்டிமீட்டர். மெதுவான குண்டு அதைக் கடக்க 1.4 மில்லிசெகண்டு, வேகமானது 1.2ன்னு வெச்சுப்போம். வித்தியாசம் 0.2 மில்லிசெகண்டு. உங்க கை நடுங்கி, இலக்குல குறி செகண்டுக்கு 10 சென்டிமீட்டர் ஓடுதுன்னே வெச்சாலும், அந்த நேரத்துல அது நகர்றது 0.02 மில்லிமீட்டர். பின்னுதைப்பு ஒரு விஷயம்தான். குண்டு வெளிய போறதுக்கு முன்னாடியே பிஸ்டல் நகர ஆரம்பிச்சுடும். அதனாலதான் சுட்டு முடிச்ச பிறகும் கையை அப்படியே வெச்சிருக்கணும்னு கோச் கத்தறார். ஆனா அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடந்தா சைட்ல சரி பண்ணிடற விஷயம்தான்.

நிஜமான எதிரி எங்க இருக்குன்னா, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல. ரெண்டுக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர்னு வெச்சா, முன் சைட் 0.15 மில்லிமீட்டர் ஒதுங்கினாப் போதும், 50 மீட்டர்ல குண்டு 25 மில்லிமீட்டர் தள்ளிப் போயிடும். ஏறக்குறைய ரெண்டு ஏ-ஃபோர் பேப்பரோட தடிமன்! அதுக்குள்ள ஒரு கிலோவுக்கு மேல கனம் இருக்கற இரும்பை, நீட்டின ஒத்தைக் கையில, மணிக்கட்டுக்கு எந்த முட்டும் குடுக்காம நிறுத்தணும். அறுபது தடவை. வெளில காத்து அடிக்கும், வெயில் மேகத்துக்குள்ள போய் வரும், முன் சைட்டோட விளிம்பு ஒரு தடவை தடிச்சுத் தெரியும் ஒரு தடவை மெலிஞ்சு தெரியும். மூச்சு, நாடித் துடிப்பு எல்லாம் குறியில தெரியும். நான் கிளப் பிஸ்டல்ல ஒரு தடவை முப்பது ஷாட் சுட்டேன். மறுநாள் பல் தேய்க்க இடது கையைத்தான் தூக்க முடிஞ்சுது.

இந்த ஆட்டம் எவ்வளவு கஷ்டம்னு ஒரே ஒரு எண்ணுல சொல்லலாம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ்ல சோவியத்தோட அலெக்சாண்டர் மெலென்தியேவ் 600க்கு 581 அடிச்சார். அந்த சாதனையை உடைக்க 34 வருஷம் ஆச்சு. 2014ல ஸ்பெயின்ல கிரானடா உலக சாம்பியன்ஷிப்ல தென் கொரியாவோட ஜின் ஜோங்-ஓ 583 அடிச்சார். 34 வருஷத்துல கம்ப்யூட்டர் அறை சைஸ்ல இருந்து பாக்கெட் சைஸுக்கு வந்துடுச்சு, இங்க முன்னேற்றம் ரெண்டே ரெண்டு பாயின்ட். அந்த ஜின் ஜோங்-ஓ 2008 பெய்ஜிங், 2012 லண்டன், 2016 ரியோன்னு மூணு ஒலிம்பிக்ஸ்லயும் இதே 50 மீட்டர் பிஸ்டல்ல தங்கம் வாங்கினவர்.

அந்த கிரானடாவுல அவருக்கு அடுத்து வெள்ளி வாங்கினது யாருன்னு நினைக்கறீங்க? நம்ம ஜீத்து ராய். நேபாளத்துல பொறந்து, கூர்க்கா ரெஜிமென்ட்ல சிப்பாயா சேர்ந்து, மாவ்ல இருக்கற ராணுவத் துப்பாக்கிப் பயிற்சி யூனிட்ல வளர்ந்தவர். அதே 2014ல கிளாஸ்கோ காமன்வெல்த்ல 50 மீட்டர் தங்கம், இன்சியான் ஆசியப் போட்டியில 50 மீட்டர் தங்கம். ரியோவுல சரியா வரல, பன்னெண்டாவது இடம். சரி, நாலு வருஷம் கழிச்சு டோக்கியோ இருக்கேன்னு எல்லாரும் நினைச்சோம்.

2017 பிப்ரவரியில சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம் முடிவெடுத்துச்சு. ஆண்கள் 50 மீட்டர் பிஸ்டல், 50 மீட்டர் ரைஃபிள் ப்ரோன், டபுள் ட்ராப், மூணையும் டோக்கியோவுல இருந்து தூக்கணும், பதிலா மூணு கலப்பு அணிப் போட்டி. எங்க கூடி முடிவெடுத்தாங்க தெரியுமா? டெல்லில. உலகக் கோப்பை நடக்கற நேரத்துல. அந்த முடிவு வந்த கொஞ்ச நாள்ல, மார்ச் முதல் தேதி, அதே டெல்லில ஜீத்து ராய் 50 மீட்டர் பிஸ்டல்ல தங்கம் அடிச்சார், ஃபைனல்ல உலக சாதனையோட. அமன்ப்ரீத் சிங் வெள்ளி. மரண தண்டனை வாசிச்ச வீட்லயே கல்யாணச் சாப்பாடு! அந்த ஜூன்ல ஒலிம்பிக் கமிட்டியும் தலையாட்டிடுச்சு.

இந்த யோசனைக்கு ஆதரவா நின்ன விளையாட்டு வீரர்கள் கமிட்டிக்குத் தலைவர் யாருன்னு பாத்தா, நம்ம அபினவ் பிந்த்ரா. அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. 2008ல அவர் தங்கம் வாங்கினப்ப நானும் தெருவுல கத்தினவன்தான். ஆனா மரியாதை வேற, கேள்வி வேற.

அவங்க சொன்ன காரணம் ஆண் பெண் சமத்துவம். ரியோவுல ஆண்களுக்கு 9 போட்டி, பெண்களுக்கு 6. அநியாயம்தான், மாத்த வேண்டியதுதான், நான் மறுக்கல. ஆனா சமத்துவம்னா பெண்களுக்கு இல்லாததைக் குடுக்கறதா, ஆண்கள் கிட்ட இருக்கறதைப் பிடுங்கறதா? பெண்கள் 50 மீட்டர் சுட மாட்டாங்களா என்ன? பின்னாடி இதே சம்மேளனம்தான் உலக சாம்பியன்ஷிப்ல பெண்கள் 50 மீட்டர் பிஸ்டலும் நடத்துச்சு. ஆக முடியும்னு அவங்களுக்கே தெரியும்.

"ஆள் எண்ணிக்கை கூடக் கூடாது, கலப்பு அணின்னா இருக்கற ஆளுங்களே ஆடிடலாம்"னு ஒரு பதில் வரும். சரி. அப்ப அந்தக் கலப்புப் போட்டியை 50 மீட்டர்ல வெச்சிருக்கலாமே? ஒரு ஆண், ஒரு பெண், அதே பாயின்ட் டூ டூ, அதே காத்து. ஏன் வெக்கல? 50 மீட்டருக்குத் திறந்தவெளி ரேஞ்ச் வேணும், பின்னாடி மண்மேடு வேணும். பாயின்ட் டூ டூ தோட்டாப் பெட்டி மேலயே ஒன்றரை மைல் வரைக்கும் போகும், ஜாக்கிரதைன்னு எழுதியிருப்பான் (கொசு அடிக்கற துப்பாக்கின்னு சொன்ன நண்பர் கவனிக்கவும்). 10 மீட்டருக்கு ஒரு கல்யாண மண்டபம் போதும். ஏசி போட்டு, லைட் போட்டு, டிவிக்கு அழகா காட்டிடலாம். அதான் உள்காரணம்னு நான் நினைக்கறேன். அதுல தொலைஞ்சது என்னன்னா, காத்தையும் வெளிச்சத்தையும் படிக்கற திறமை. இப்ப ஒலிம்பிக்ஸ்ல இருக்கற பிஸ்டல் ஆட்டத்துல 25 மீட்டர்தான் அதிகபட்சத் தூரம். 1896 ஏதென்ஸ்ல முதல் ஒலிம்பிக்ஸ்ல இருந்தே, நடுவுல சில தடவை விட்டுப் போனாலும், ஃப்ரீ பிஸ்டல்னு ஒண்ணு இருந்துச்சு. அதைத் தூக்கிட்டு ஏற்கனவே இருக்கற ஏர் பிஸ்டலையே இன்னொரு தடவை ஜோடியா சுட விடறாங்க.

இங்க என் பக்கம் இருக்கற ஓட்டையையும் நானே சொல்லிடறேன், இல்லன்னா பின்னூட்டத்துல வந்து கும்மிடுவீங்க. மனு பாகரோட ரெண்டாவது வெண்கலம், சரப்ஜோத் சிங்கோட சேர்ந்து வாங்கினது, அந்தக் கலப்புப் போட்டியில வந்ததுதான். இந்த மாத்தம் இல்லன்னா அந்தப் பதக்கம் இல்ல. அன்னிக்கு நானும் ஆபீஸ்ல எந்திரிச்சு நின்னு கைதட்டினேன். ஆனா நமக்குப் பதக்கம் வந்துச்சுங்கறதுக்காக முடிவு சரியாயிடுமா? லாபம் வந்த கோட்ல பக் இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு.

அடுத்த பக்கத்தையும் பாருங்க. 2018ல தென் கொரியா சாங்வான் உலக சாம்பியன்ஷிப். 50 மீட்டர் பிஸ்டல்ல ஓம் பிரகாஷ் மிதர்வால் தங்கம். உலக சாம்பியன்! அதே போட்டியில ஏர் ரைஃபிள்ல வெள்ளி வாங்கினவங்களுக்கும் நாலாவதா வந்தவங்களுக்கும் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் இடம் கிடைச்சுது. நியாயமாக் கிடைச்சுது, அவங்க மேல குறை இல்ல. உலக சாம்பியனுக்கு? ஒண்ணும் இல்ல. அவர் ஜெயிச்ச போட்டிதான் ஒலிம்பிக்ஸ்லயே இல்லையே. 2025 நவம்பர்ல கெய்ரோ உலக சாம்பியன்ஷிப்ல ரவீந்தர் சிங் இதே 50 மீட்டர் பிஸ்டல்ல தங்கம் வாங்கினார். உங்க வாட்ஸப்புல யாராவது ஸ்டேட்டஸ் வெச்சாங்களா? நான் வெச்சேன். பாத்தது பதினொரு பேர், அதுல ஒருத்தர் "யாரு ப்ரோ இது"ன்னு கேட்டார்.

2021ல அஜித் தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டியில பதக்கங்கள் வாங்கினப்ப (தலன்னு கூப்பிட வேணாம்னு அவரே அந்த வருஷக் கடைசியில சொல்லிட்டார், அதனால அஜித்) எங்க ஆபீஸ் ஃப்ளோர் முழுக்க அதே பேச்சு. சந்தோஷம்தான், அந்த மனுஷனால நாலு பேருக்கு இந்த ஆட்டம் இருக்குன்னாவது தெரிஞ்சுது. ஆனா என்ன போட்டி, எத்தனை மீட்டர், என்ன துப்பாக்கின்னு கேட்டவங்க யாருமில்ல. சினிமாவுல மாதிரி ரெண்டு கையிலயும் வெச்சு சுட்டிருப்பார்னு நிஜமாவே நினைச்ச ஒரு ஜீவனை எனக்குத் தெரியும்.

ஒரு போட்டி ஒலிம்பிக்ஸ்ல இருந்து போச்சுன்னா அது அந்த ஒரு மேடையோட நிக்கறதில்லைங்க. காசு ஒலிம்பிக்ஸ் ஐட்டத்துக்குத்தான் போகும். கோச் அங்கதான் போவார். ரேஞ்ச் கட்டறவன் பத்து மீட்டர் கூடமாக் கட்டுவான். 50 மீட்டர் நம்ம தேசிய சாம்பியன்ஷிப்ல இன்னும் இருக்கு, உலக சாம்பியன்ஷிப்ல இருக்கு, நம்ம ஆளுங்க தங்கம் வேற வாங்கறாங்க. ஆனா சேலையூர்ல இருக்கற ஒரு பையன் கிட்ட "டைம் வேஸ்ட்"னு சொல்லியாச்சு. அஞ்சு வருஷம் இப்படியே எல்லாப் பையன்கிட்டயும் சொன்னா, அப்புறம் "பாரு, யாருமே சுடறதில்ல"ன்னு தேசியப் போட்டியில இருந்தும் தூக்க ஒரு கமிட்டி வரும். காரணத்தை நாமளே செஞ்சு குடுத்திருப்போம்.

சித்தப்பாவுக்கு இதையெல்லாம் பேப்பர்ல படம் போட்டுக் காட்டினேன். ரெண்டு பெட்டித் தோட்டா கணக்கை ஒழுங்காவே புரிஞ்சுக்கிட்டார், அவர் முப்பது வருஷம் லேத் ஓட்டினவர். "மைக்ரான் பிசகாம வரணும்னா ஸ்பீடைக் குறைன்னு நான் தினமும் சொல்றதுதானே இது"ன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு கேட்டார்: "சரிடா, எல்லாம் சரி. இதுல பதக்கம் வாங்கினா அவனுக்கு வேலையில ஸ்போர்ட்ஸ் கோட்டா கணக்குல வருமா வராதா? அதைச் சொல்லு."

என்கிட்ட பதில் இல்ல. "ஏர் பிஸ்டலை விட வேணாம் சித்தப்பா, அதுவும் சுடட்டும், இதுவும் சுடட்டும்"னு மழுப்பினேன். அவருக்கு அது மழுப்பல்னு தெரிஞ்சுது. சித்தி காபி கொண்டு வந்ததால தப்பிச்சேன்.

கிளம்பறப்ப கேட் வரைக்கும் வந்தான் பையன். "அண்ணா, வர ஞாயிறு 50 மீட்டர் லேன் காலியா இருக்குமா?"ன்னு கேட்டான். அது எப்பவுமே காலிதான்டான்னேன். காலைல ஏழு மணிக்கு காத்து எழும்பறதுக்குள்ள போயிடணும். நான் தோட்டா கணக்கை கிளப்புல எழுதிக் குடுத்துட்டேன், முப்பது அவனுக்கு, இருபது எனக்கு. சித்தப்பாகிட்ட இன்னும் சொல்லல.